இங்கிலாந்துக் கிராமப்புறத்தில் தனி வீடு: 84ஆம் பத்தியின் கீழ் அனுமதி பெறுவது எப்படி?

கேள்வி இதுதான்: கென்ட்டில் 4 ஏக்கர் மேய்ச்சல் நிலம் ஏலத்துக்கு வருகிறது. வீட்டுமனை விலையோடு ஒப்பிட்டால் கொள்ளை மலிவு. வடிவமைப்பு அசாதாரணமாக இருந்தால் வயல்வெளியிலும் வீடு கட்ட அனுமதி தருவார்கள் என்று சொல்கிறார்களே, உண்மையா? வாங்கலாமா? என்னென்ன செய்ய வேண்டும்?

அப்படி ஒரு வழி உண்மையிலேயே இருக்கிறது, தேசியத் திட்டமிடல் கொள்கையின் 84ஆம் பத்திதான் அது. அந்த வழியில் அனுமதி பெற்றுக் கட்டிய வீடுகளும் இருக்கின்றன. ஆனால் செய்ய வேண்டிய வேலைகளில் முக்கியமான பாதி, நிலத்தை வாங்குவதற்கு முன்பே செய்ய வேண்டியது. அதனால் ஏலத்தில் கை தூக்குவதற்கு முன் இதை முழுவதும் படித்துவிடுங்கள்.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். நம் ஊரில் பட்டா பெயரில் இருந்தால் ஒரு கூரையாவது போட்டுக்கொள்ளலாம் என்ற எண்ணம் நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. இங்கிலாந்தில் 1947ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் 1948 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து, நிலத்தின் உடைமை வேறு, அதில் கட்டும் உரிமை வேறு. மண் உங்களுடையது. அதில் வீடு கட்டலாமா என்பதை முடிவு செய்வது கவுன்சில். வயல் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணமே அந்தக் கட்டும் உரிமை அதில் இல்லாததுதான். பெரிய வயலைத் துண்டு துண்டாக வெட்டி, 'எதிர்காலத்தில் அனுமதி கிடைக்கும்' என்று ஆசை காட்டி விற்பவர்கள் பல ஆண்டுகளாக இருக்கிறார்கள். அப்படி வெட்டிய துண்டுகள் பெரும்பாலும் எந்தக் காலத்திலும் வீட்டுமனை ஆவதில்லை.

இனி அந்த விதிவிலக்கைப் பார்ப்போம். 1997இல் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த ஜான் கம்மர், கிராமப்புறத் திட்டமிடல் வழிகாட்டியில் ஒரு வரியைச் சேர்த்தார். கட்டடக் கலையிலும் நிலத்தோற்றத்திலும் மிக உயர்ந்த தரம் கொண்ட ஒரு தனி வீட்டை, வேறெந்தக் காரணமும் இல்லாமல் அந்தத் தரத்துக்காகவே அனுமதிக்கலாம் என்றது அது. இன்றும் பலர் 'கம்மர் சட்டம்' என்றே சொல்வார்கள். 2004இல் அது ஏழாம் கொள்கை அறிக்கைக்குள் போனது. 2012இல் வந்த தேசியத் திட்டமிடல் கொள்கைக் கட்டமைப்பில் 55ஆம் பத்தி, 2018இல் 79, 2021இல் 80, 2023 டிசம்பரிலிருந்து 84 என்று எண் மாறிக்கொண்டே வந்தது. இணையத்தில் பழைய கட்டுரைகளைத் தேடும்போது இந்த எண்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், எல்லாம் ஒரே விதியின் வாரிசுகள். விண்ணப்பம் போடும் நாளில் நடப்பில் இருக்கும் பதிப்பை மட்டும் எடுத்துப் படியுங்கள். இவை இங்கிலாந்துக்கு மட்டும் உரியவை. வேல்ஸுக்கும் ஸ்காட்லாந்துக்கும் தனித்தனி விதிகள்.

எண் மட்டும் மாறவில்லை, ஒரு சொல்லும் போனது. 2021 வரை வடிவமைப்பு 'தலைசிறந்ததாக அல்லது புதுமையானதாக' இருந்தால் போதும் என்று இருந்தது. இப்போது 'புதுமை' என்ற மாற்றுவழி இல்லை. சூரியத் தகடு, மண்சுவர், வித்தியாசமான வெப்ப இயந்திரம் என்று தொழில்நுட்பத்தைக் காட்டி மட்டும் இந்த விதிக்குள் நுழைய முடியாது. 84ஆம் பத்தியின் ஐந்தாவது உட்பிரிவு இன்று கேட்பது நான்கு. வீடு உண்மையிலேயே தலைசிறந்ததாக, கட்டடக் கலையின் மிக உயர்ந்த தரத்தைக் காட்டுவதாக இருக்க வேண்டும். கிராமப்புறங்களில் பொதுவாக வடிவமைப்புத் தரம் உயர அது உதவ வேண்டும். தன்னைச் சுற்றியுள்ள இடத்தைக் குறிப்பிடத்தக்க அளவு மேம்படுத்த வேண்டும். அந்தப் பகுதிக்கே உரிய அடையாளங்களை மதித்து நடக்க வேண்டும். நான்கும் சேர்ந்து தேறினால்தான் தேர்ச்சி.

ஆர்க்கிடெக்ட் வரைந்த அழகான படத்தைப் பார்த்து மயங்குகிறவர்கள் தவறவிடுவது மூன்றாவதை. 'குறிப்பிடத்தக்க அளவு மேம்படுத்த வேண்டும்' என்றால், வீடு வந்தால் இடம் கெட்டுப்போகாது என்று நிரூபிப்பது போதாது. வீடு வந்தால் அந்த இடம் இப்போதிருப்பதைவிடத் தெளிவாக மேலாகும் என்று காட்ட வேண்டும். இதைப் புரிந்துகொண்டால் நிலம் தேடும் பார்வையே மாறிவிடும். உயிர்வேலிகளும் பழைய ஓக் மரங்களும் நிறைந்த, கண்ணுக்குக் குளிர்ச்சியான புல்வெளி இந்த விதிக்கு மிகக் கடினமான நிலம், அங்கே மேம்படுத்த என்ன இருக்கிறது? கைவிட்ட குவாரி, இடிந்து துருப்பிடித்த தொழுவங்களும் கான்கிரீட் தளமும் கிடக்கும் மேடு, உயிர்வேலிகளைப் பிடுங்கிவிட்டுப் பல ஆண்டுகள் ஒரே பயிர் விதைத்துக் களைத்துப்போன வயல், பராமரிப்பில்லாமல் சிதைந்த பழைய ஜமீன் பூங்கா போன்ற இடங்களில் வாதம் தானாகவே கிடைக்கும். அழகில்லாத நிலத்தைத் தேடுங்கள் என்று சொல்வது விசித்திரமாகத் தோன்றும், ஆனாலும் இந்த விதிக்கு அதுதான் சரியான தேடல்.

அடுத்து 'தனித்த' என்ற சொல். இந்த விதி தனித்த வீடுகளுக்கு மட்டும் பொருந்தும். 2018இல் பிரெயின்ட்ரீ வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், தனித்தது என்றால் ஒரு குடியிருப்பிலிருந்து இடத்தால் விலகியிருப்பது என்று தெளிவுபடுத்தியது. கடையும் பஸ்ஸும் எவ்வளவு தூரம் என்பது அதில் சேராது. 2021இல் பிராம்ஸ்ஹில் வழக்கில், பக்கத்தில் ஒன்றிரண்டு வீடுகள் இருந்தாலும் ஊரிலிருந்து விலகியிருந்தால் அது தனித்ததுதான் என்றது. உங்கள் நிலம் ஒரு கிராமத்தின் விளிம்பை ஒட்டியிருந்தால் 84ஆம் பத்தியே பொருந்தாமல் போகலாம். அப்போது தலைசிறந்த வடிவமைப்பு என்ற தேவை கிடையாது, ஆனால் அந்த விதிவிலக்கின் பலமும் கிடையாது. உள்ளூர்த் திட்டம் என்ன சொல்கிறதோ அதுதான். எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதை முதல் வாரத்திலேயே ஒரு பிளானிங் ஆலோசகரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

கென்ட் என்பதால் இன்னொரு எச்சரிக்கை. லண்டனுக்கு அருகிலுள்ள பகுதிகளில் கிரீன் பெல்ட், அதாவது நகரம் பரவாமல் தடுக்கக் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்தும் வளையம், விரிந்து கிடக்கிறது. செவனோக்ஸ் மாவட்டத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கிரீன் பெல்ட்தான். அங்கே புது வீடு என்பது அடிப்படையிலேயே பொருத்தமற்ற கட்டுமானமாகக் கருதப்படும். 'மிகச் சிறப்பான சூழ்நிலை' இருப்பதாகத் தனியாக நிரூபிக்க வேண்டும், 84ஆம் பத்தியில் தேறினாலும் அந்தச் சுவர் அப்படியே நிற்கும். 2024 டிசம்பரில் வந்த 'கிரே பெல்ட்' பிரிவு, அதாவது கிரீன் பெல்ட்டின் நோக்கத்துக்கு அதிகம் உதவாத நிலங்களுக்கான பிரிவு, சில நிலங்களுக்கு உதவலாம். ஆனால் அது போக்குவரத்து வசதியுள்ள இடத்தையும் வீட்டுத் தேவையையும் பார்க்கும் விதி, வயல் நடுவில் நிற்கும் ஒற்றை வீட்டுக்கு அதை நம்பிப் பணம் போடாதீர்கள். கென்ட் டவுன்ஸ், ஹை வீல்ட் இரண்டும் தேசிய நிலத்தோற்றங்கள். அங்கே இந்த விதி செல்லும், ஆனால் இயற்கை அழகைக் காக்கும் கடமைக்குக் கூடுதல் எடை உண்டு.

நிலத்தைச் சோதிப்பதில் எல்லாரும் கடைசியில் பார்ப்பதும் முதலில் பார்க்க வேண்டியதும் வாசல்தான். வண்டி சாலைக்கு வரும் இடத்தில், சாலை விளிம்பிலிருந்து 2.4 மீட்டர் உள்ளே, ஓட்டுநரின் கண் இருக்கும் உயரத்தில் நின்று இரண்டு பக்கமும் பாருங்கள். மணிக்கு 60 மைல் வேக வரம்புள்ள கிராமச் சாலையில் பக்கத்துக்கு 215 மீட்டர் தடையில்லாமல் தெரிய வேண்டும் என்று நெடுஞ்சாலைத் துறை கேட்கும். கென்ட்டின் குறுகலான, வளைந்த சாலைகளில் பாதிகூடத் தெரியாது. தெரிய வைக்க நூறு மீட்டர் உயிர்வேலியை வெட்ட வேண்டியிருக்கும். இடத்தை மேம்படுத்துகிறேன் என்று சொல்லிக்கொண்டு உயிர்வேலியை வெட்டினால் வாதம் அங்கேயே செத்தது. தீர்வு உண்டு: சாலையின் குறுக்கே ரப்பர் குழாய் போட்டு ஒரு வாரம் வண்டிகளின் உண்மையான வேகத்தை அளக்கச் சொல்லுங்கள். வளைவுகளால் வண்டிகள் 30 மைல் வேகத்தில்தான் போகின்றன என்று பதிவானால் தேவை 43 மீட்டர் அளவுக்கு இறங்கும். ஆனால் அந்தப் பார்வைப் பரப்பு முழுவதும் பொதுச் சாலைக்குள்ளோ உங்கள் நிலத்துக்குள்ளோ அடங்க வேண்டும். பக்கத்து நிலத்துக்காரரின் வேலி குறுக்கே நின்றால், அதை வெட்டுவதும் விடுவதும் அவர் கையில்.

உள்ளே போகும் பாதையையும் அளந்து பாருங்கள். வீட்டின் எந்த மூலையிலிருந்தும் 45 மீட்டருக்குள் தீயணைப்பு வண்டி வந்து நிற்க வேண்டும். முட்டுச்சந்தாக 20 மீட்டருக்கு மேல் நீண்டால் வண்டி திரும்ப இடம் விட வேண்டும். கழிவுநீருக்குப் பொதுக் குழாய் இருக்காது. சுத்திகரித்த நீரைத் தரையில் விட்டால் நாளுக்கு 2 கன மீட்டர், ஓடையில் விட்டால் 5 கன மீட்டர் வரை, நிபந்தனைகளைப் பின்பற்றினால் தனி உரிமம் தேவையில்லை. ஆனால் பழைய பாணி செப்டிக் டேங்கிலிருந்து நேராக ஓடையில் விட முடியாது. கென்ட்டின் களிமண்ணில் நீர் இறங்குவது மெதுவாக இருக்கும். குழி வெட்டி நீர் ஊற்றி நேரம் பார்க்கும் சோதனையை வாங்குமுன் செய்துவிடுங்கள். ஸ்டோர் ஆற்றின் படுகைக்குள் நிலம் இருந்தால் ஸ்டாட்மார்ஷ் சதுப்புநிலத்தைக் காக்கும் விதி வரும். உங்கள் வீட்டிலிருந்து போகும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் ஈடுசெய்யப்பட்டால்தான் அனுமதி. பழங்காடு ஒட்டியிருந்தால் குறைந்தது 15 மீட்டர் இடைவெளி விட வேண்டும்.

பத்திரத்தில் இரண்டு முள் இருக்கலாம். ஒன்று, 'இங்கே வீடு கட்டக் கூடாது' என்று பழைய உரிமையாளர் யாரோ எழுதிவைத்த கட்டுப்பாடு. திட்ட அனுமதி கிடைத்தாலும் அது தானாக நீங்காது. இன்னொன்று ஓவரேஜ். பின்னாளில் அனுமதி கிடைத்து மதிப்பு ஏறினால், ஏறியதில் ஒரு பங்கை விற்றவருக்குக் கொடுக்க வேண்டும் என்ற ஒப்பந்தம். ஏலத்துக்கு வரும் வயல்களில் இது சர்வசாதாரணம்.

இவற்றையெல்லாம் தாண்டி நிலம் தேறினால் குழுவைச் சேர்க்கலாம். இதில் வரிசைதான் முக்கியம். பெரும்பாலானவர்கள் முதலில் ஆர்க்கிடெக்டிடம் போகிறார்கள். அவர் வீட்டை வரைந்துவிடுகிறார். பிறகு அதைச் சுற்றி மரம் நட ஒரு லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்டைக் கூப்பிடுகிறார்கள். தோற்கும் விண்ணப்பங்களில் இந்தத் தலைகீழ் வரிசையின் தடயம் அப்படியே தெரியும். லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் முதலில் வர வேண்டும். பழைய வரைபடங்களை எடுத்து, நூறு ஆண்டுக்கு முன் எங்கே உயிர்வேலி ஓடியது, எங்கே குட்டை இருந்தது, எந்தப் பழத்தோட்டம் அழிந்தது, மண் எப்படிச் சரிகிறது, நிலம் எங்கிருந்தெல்லாம் தெரிகிறது என்று அவர் படித்து முடித்த பிறகுதான் வீடு எங்கே உட்கார வேண்டும் என்ற பேச்சே எழ வேண்டும். பொது நடைபாதைகளிலிருந்து தெரியும் கோணங்களை அவர் கவுன்சிலோடு பேசி முடிவு செய்வார். இலை உதிர்ந்த குளிர்காலத்திலும் படம் எடுக்க வேண்டும், கோடையில் மறைவாகத் தெரியும் இடம் ஜனவரியில் பட்டவர்த்தனமாக நிற்கும்.

கென்ட்டிலேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. மெய்ட்ஸ்டன் அருகே கேரிங் வுட் என்ற வீடு, பழைய ஏழாம் கொள்கை அறிக்கையின் கீழ் அனுமதி பெற்றது. ஜேம்ஸ் மெக்டொனால்ட் ரைட், நயல் மேக்ஸ்வெல் இருவரும் வடிவமைத்தார்கள். 2017இல் பிரிட்டிஷ் ஆர்க்கிடெக்டுகளின் அரச நிறுவனம் ஆண்டின் சிறந்த வீடாக அதைத் தேர்ந்தெடுத்தது. மூன்று தலைமுறை சேர்ந்து வாழும் கூட்டுக் குடும்பத்துக்கான வீடு என்பது நமக்குக் கூடுதல் நெருக்கம். அதன் கூரைகளைப் பார்த்தால், கென்ட்டில் பீருக்கான ஹாப்ஸ் பூவை உலர்த்திய, ஓஸ்ட் ஹவுஸ் என்ற கூம்புக் கூரைக் கட்டடங்கள் நினைவுக்கு வரும். உள்ளூர்க் களிமண் ஓடுகளையும் செஸ்ட்நட் மரத்தையும் கொண்டு கட்டியிருக்கிறார்கள். சுற்றியுள்ள வயலும் காடும் வீட்டோடு சேர்த்தே திட்டமிடப்பட்டவை. ஆனாலும் அது பழைய ஓஸ்ட் ஹவுஸின் நகல் கிடையாது. அந்த வீட்டைத் தூக்கிக்கொண்டு போய் யார்க்ஷயரில் வைத்தால் பொருந்தாது. உங்கள் வடிவமைப்பையும் இதே கேள்வியால் உரசிப் பாருங்கள்: இதை அடுத்த மாவட்டத்தில் வைத்தால் பொருந்துமா? பொருந்தும் என்றால் அது இந்த விதிக்கான வீடு அல்ல, நல்ல வீடாக இருந்தாலும்.

ஆற்றல் சிக்கனத்தில் பாஸிவ்ஹவுஸ் தரம், அதாவது சூடாக்க ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு 15 கிலோவாட் மணி, 50 பாஸ்கல் அழுத்தத்தில் மணிக்கு 0.6 முறைக்கு மேல் போகாத காற்றுக் கசிவு என்ற அளவை, இப்போது ஆரம்பப் புள்ளியாக எடுத்துக்கொள்வது நல்லது. அடிக்கடி அடிவாங்கும் இன்னொன்று கண்ணாடி. பள்ளத்தாக்கை நோக்கி பத்து மீட்டர் கண்ணாடிச் சுவர் பகலில் அழகு. இரவில் இருண்ட மலைச்சரிவில் அது ஒரு விளக்குக் கூண்டு, வௌவால்களுக்கும் கெடுதல். ஆழமான கூரை நிழல், வெளிப்பலகை, உள் திரை என்று வரைபடத்திலேயே பதில் வைத்திருங்கள்.

உயிரினக் கணக்கெடுப்பு காலண்டரைக் கட்டிப்போடும். முதற்கட்ட ஆய்வு எப்போது வேண்டுமானாலும் நடக்கும். ஆனால் அருகில் குட்டை இருந்தால் கிரேட் கிரெஸ்டட் நியூட் என்ற நீர்ப்பல்லிக்கான நீர் டிஎன்ஏ சோதனைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 30 வரைதான் மாதிரி எடுக்க முடியும். வௌவால் வெளியேறுவதைப் பார்க்கும் ஆய்வுகள் மே முதல் செப்டம்பர் வரை. ஜூலையில் ஆளைத் தேடத் தொடங்கினால் நியூட்டுக்காக அடுத்த ஏப்ரல் வரை காத்திருப்பீர்கள். மாவட்ட உரிமத் திட்டம் உள்ள இடங்களில் பணம் கட்டி அந்தச் சோதனையைத் தவிர்க்கலாம், ஆனால் வௌவாலுக்கு அப்படிக் குறுக்குவழி இல்லை. இந்த ஆய்வுகளுக்கு ஆயுளும் குறைவு. இரண்டு ஆண்டு பழசானால் மறுபடி செய்யச் சொல்வார்கள்.

சிவப்புக் கோடு போடுவதைப் பற்றி நிறுத்தி நிதானமாக யோசியுங்கள். விண்ணப்ப எல்லையைச் சிவப்புக் கோட்டாலும், உங்களுக்குச் சொந்தமான மற்ற நிலத்தை நீலக் கோட்டாலும் காட்ட வேண்டும். 4 ஏக்கர் என்றால் ஏறத்தாழ 1.6 ஹெக்டேர். முழுவதையும் சிவப்புக்குள் இட்டால், 1 ஹெக்டேரைத் தாண்டுவதால் ஒரே ஒரு வீடு 'பெரிய திட்டம்' என்ற வகைக்குப் போய்விடும். முடிவெடுக்கும் காலம் 8 வாரத்திலிருந்து 13 வாரமாகும். வெள்ள அபாய அறிக்கை கட்டாயமாகும். 10 சதவீத உயிர்ப்பன்மை உயர்வை 30 ஆண்டுக்குக் காக்கும் கடமையும் வரும். அது சிறு திட்டங்களுக்கு 2024 ஏப்ரல் 2 முதல் நடப்பில் உள்ளது. அப்போது கொண்டுவந்த விதிப்படி, சொந்தமாகக் கட்டும் வீட்டுக்கு விலக்கு உண்டு, ஆனால் இடம் 0.5 ஹெக்டேருக்குள் இருந்தால்தான். வீடு, பாதை, கொல்லைத் தோட்டம் ஆகியவற்றை மட்டும் சுற்றி 0.5 ஹெக்டேருக்குள் சிவப்புக் கோட்டை இறுக்கலாம். அதற்கு இன்னொரு நன்மை, முழு வயலும் வீட்டுத் தோட்டமாக மாறிவிடும் என்ற அச்சம் கவுன்சிலுக்கு இருக்காது. ஆனால் உங்கள் மேம்பாடு என்ற வாதம் நிற்பதே நீலக் கோட்டுக்குள் நீங்கள் நட்டு வளர்க்கப்போகும் காட்டையும் புல்வெளியையும் நம்பித்தான். அதை நிபந்தனையாலோ, திட்டமிடல் சட்டத்தின் 106ஆம் பிரிவின்படி கவுன்சிலோடு செய்யும் ஒப்பந்தத்தாலோ கட்டிப்போட வேண்டும். விலக்குக் கிடைக்கிறது என்பதற்காக உயிர்ப்பன்மைக் கணக்கைப் போடாமல் விடாதீர்கள். விலக்கை வாங்கிக்கொண்டு, கூடவே 10 சதவீதத்தைத் தாண்டும் கணக்கையும் தானாக முன்வந்து வைப்பவரை நம்புவதற்குக் காரணம் இருக்கிறது.

இனி டிசைன் ரிவ்யூ பேனல். கவுன்சிலுக்கு வெளியே இயங்கும் ஆர்க்கிடெக்டுகள், லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்டுகள், ஆற்றல், பாரம்பரிய வல்லுநர்கள் கொண்ட குழு அது. கட்டணம் நீங்கள் கட்டுவீர்கள், கருத்து அவர்களுடையது. இந்தக் குழுக்களின் பரிந்துரையைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று தேசியக் கொள்கையே கவுன்சிலுக்குச் சொல்கிறது. அதனால் 84ஆம் பத்தி விண்ணப்பத்துக்கு இது பேருக்கு விருப்பம், நடைமுறையில் கட்டாயம். முதல் முறை போகும்போது முடிந்த வரைபடத்தைக் கொண்டுபோகாதீர்கள். நிலத்தைப் படித்ததன் முடிவும், இரண்டு மூன்று சாத்தியங்களும் போதும். அவர்கள் நிலத்தில் நடப்பார்கள், கேட்பார்கள், தனியே பேசுவார்கள், பிறகு கடிதம் அனுப்புவார்கள். இரண்டாம் முறை, தேவைப்பட்டால் மூன்றாம் முறை, திருத்திய வடிவமைப்போடு போவீர்கள். கவுன்சிலின் திட்ட அலுவலரையும் அந்தச் சந்திப்புக்கு அழைத்துவிடுங்கள். அவர் தானே கேட்ட விவாதத்துக்கு எடை தருவார்.

கடைசிக் கடிதத்தைச் சொல் சொல்லாகப் படியுங்கள். 'இந்தத் திட்டத்துக்கு அந்தத் தரத்தை எட்டும் வாய்ப்பு இருக்கிறது' என்பதும் 'இந்தத் திட்டம் அந்தத் தரத்தை எட்டியிருக்கிறது' என்பதும் ஒன்றல்ல. முதல் வாக்கியத்தை வைத்துக்கொண்டு விண்ணப்பம் போட்டால், மறுக்க விரும்பும் அலுவலருக்கு நீங்களே ஆயுதம் எடுத்துக் கொடுக்கிறீர்கள். இரண்டாவது வாக்கியம் கையில் வரும் வரை இன்னொரு சுற்றுக்குப் பணம் செலவழிப்பது வீண் இல்லை. கடிதத்தில் இருக்கும் ஒவ்வொரு குறைக்கும் என்ன செய்தீர்கள் என்று வடிவமைப்பு அறிக்கையில் வரிசையாகப் பதில் எழுதுங்கள்.

கவுன்சிலிடம் முன்கூட்டிய ஆலோசனை கேட்பதும் இதோடு சேர்ந்து நடக்க வேண்டும். பெரும்பாலும் முதல் பதில் 'கொள்கைப்படி ஆட்சேபணை' என்றுதான் வரும். மனம் தளர வேண்டாம். அந்தப் பதிலில் தேட வேண்டியது, கொள்கையைத் தாண்டி நெடுஞ்சாலை, மரங்கள், பாரம்பரியம் என்று எவற்றில் சிக்கல் சொல்கிறார்கள் என்பது. அவற்றை விண்ணப்பத்துக்கு முன் தீர்த்துவிட்டால் கடைசியில் விவாதம் வடிவமைப்புத் தரம் ஒன்றில் மட்டும் நிற்கும். கிராமத்தின் பாரிஷ் கவுன்சிலிடமும் பக்கத்து வீட்டாரிடமும் வரைபடத்தை நீங்களே கொண்டுபோய்க் காட்டுங்கள். அறிவிப்புத் தாளைக் கம்பத்தில் பார்த்துத் தெரிந்துகொள்பவர் எழுதும் கடிதம் வேறு மாதிரி இருக்கும்.

ஒரு வீட்டுக்கான முழு விண்ணப்பக் கட்டணம் 2025 ஏப்ரலில் 588 பவுண்டு ஆனது. விண்ணப்பத்தோடு போகும் கட்டு பெரிது: வரைபடங்கள், வடிவமைப்பு அறிக்கை, திட்டமிடல் அறிக்கை, நிலத்தோற்றத் தாக்க ஆய்வு, உயிரின அறிக்கைகள், மர ஆய்வு, வடிகால், போக்குவரத்து, தொல்லியல், ஆற்றல் அறிக்கை, நிலப் பராமரிப்புத் திட்டம், பேனல் கடிதங்கள். மாதிரி வடிவம் ஒன்றும் செய்துவையுங்கள், கவுன்சில் உறுப்பினர் குழுவின் முன் அது காகிதத்தைவிட நன்றாகப் பேசும். அவுட்லைன் விண்ணப்பம் போடும் யோசனையை விட்டுவிடுங்கள். வடிவமைப்பே அனுமதிக்குக் காரணமாக இருக்கும்போது அதைப் பின்னால் காட்டுகிறேன் என்று சொல்ல முடியாது.

மறுத்தால் 6 மாதத்துக்குள் பிளானிங் இன்ஸ்பெக்டரேட் என்ற திட்டமிடல் ஆய்வாளர் அலுவலகத்திடம் மேல்முறையீடு செய்யலாம். அது அதே வடிவமைப்பை இன்னொருவர் எடைபோடுவது, திருத்திக் காட்டும் வாய்ப்பாக நினைக்காதீர்கள். மறுப்புக் காரணங்கள் திருத்தக் கூடியவை என்றால் திருத்தி மறுபடி விண்ணப்பிப்பது மேல். பேனல் முழு ஆதரவு தந்தும் கவுன்சில் மறுத்திருந்தால் மேல்முறையீட்டுக்குப் பலம் உண்டு. ஆனால் ஆய்வாளர் பேனலின் கருத்துக்குக் கட்டுப்பட்டவர் இல்லை, தன் கண்ணால் நிலத்தைப் பார்த்து முடிவு செய்வார்.

அனுமதி கிடைத்த பிறகு கெடுவது வேறு விதம். ஒப்பந்தக்காரரின் விலையைப் பார்த்து மிரண்டு கைச்செங்கலை ஆலைச் செங்கலாக்குவது, கூரை ஓடுகளை மாற்றுவது, ஜன்னல் ஆழத்தைக் குறைப்பது. தரத்துக்காக மட்டும் கிடைத்த அனுமதியில் ஒவ்வொரு குறைப்பும் அனுமதியின் வேரில் கை வைப்பதுதான். அனுமதித்த தரம் கட்டி முடிப்பதற்குள் தேயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தேசியக் கொள்கையும் சொல்கிறது. அதனால் விண்ணப்பம் போடுமுன்பே ஒரு செலவு மதிப்பீட்டாளரை வைத்து விலையைப் பார்த்துவிடுங்கள். வேலை தொடங்க வழக்கமாக 3 ஆண்டு அவகாசம். தொடங்குமுன் தீர்க்க வேண்டிய நிபந்தனைகளைத் தீர்க்காமல் மண்வெட்டி போட்டால் அனுமதியே கேள்விக்குறியாகும். சமூக உள்கட்டமைப்பு வரி இருக்கும் பகுதியில், சொந்த வீடு கட்டுபவருக்கான விலக்கை வேலை தொடங்குமுன் கவுன்சில் ஏற்றிருக்க வேண்டும். ஒரு நாள் முந்தித் தொடங்கினாலும் முழு வரியும் தலையில் விழும். புது வீட்டுப் பொருள்களுக்குக் கட்டிய வாட் வரியைக் கட்டி முடித்த 6 மாதத்துக்குள் திரும்பக் கேட்கலாம், ஆனால் ஆர்க்கிடெக்ட் கட்டணத்தின் வாட் திரும்பாது.

செலவைத் திறந்து பேசிவிடுவோம். விண்ணப்பம் போடும் வரைக்குமே வல்லுநர் கட்டணங்கள் 50,000 பவுண்டுக்குள் அடங்கினால் சிக்கனம். ஒரு லட்சத்தைத் தாண்டத் தயாராக இருங்கள். நிலம் தேடுவதிலிருந்து முடிவு வரை இரண்டு ஆண்டு என்று வைத்துக்கொள்ளலாம், மேல்முறையீடு வந்தால் மூன்று. இந்தத் தொகை முழுவதும் போனாலும் குடும்பம் ஆடாது என்ற நிலையில் இருப்பவர்கள் மட்டும் இறங்க வேண்டிய வழி இது. வீட்டுக் கடனை வைத்துச் சூதாட வேண்டாம்.

நிலத்தில் பழைய விவசாயக் கொட்டகை இருந்தால், 84ஆம் பத்தியைத் தொடுமுன் கொட்டகையை வீடாக மாற்ற விடும் கிளாஸ் க்யூ என்ற அனுமதியைப் பாருங்கள். 2024 மே 21 முதல் அதில் ஒரு வீடு 150 சதுர மீட்டர் வரை, மொத்தம் 1,000 சதுர மீட்டர் வரை மாற்றலாம். தேசிய நிலத்தோற்றத்துக்குள் அது செல்லாது. அந்த உரிமை கையில் இருந்தால், அதைப் பின்பலமாகக் காட்டி மேலான புது வீட்டைக் கேட்கலாம் என்பதை 2017இல் மான்செல் வழக்கு உறுதிசெய்தது. நான்கு தேர்வும் எழுதாமல் வீடு கிடைக்கும் வழி இருக்கும்போது அதை விடுவானேன்? கேரவனை நிறுத்திக் குடியிருந்து காலம் கடத்தி உரிமை வாங்கலாம் என்ற யோசனை மட்டும் வேண்டாம். 2024 ஏப்ரல் 25 முதல், கவுன்சில் நடவடிக்கை எடுப்பதற்கான அமலாக்க அவகாசம் எல்லா மீறலுக்கும் 10 ஆண்டு.

உங்கள் ஏலத்துக்கு வருவோம். சுத்தியல் விழுந்த நொடியில் ஒப்பந்தம் முடிந்துவிடும். 10 சதவீத முன்பணம் அன்றே, மீதி வழக்கமாக 28 நாளில். 'அனுமதி கிடைத்தால்' என்ற நிபந்தனைக்கு அங்கே இடமில்லை. அதனால் ஏலத்துக்கு முன்பே ஏலக்காரர் வெளியிடும் சட்ட ஆவணத் தொகுப்பைத் தரவிறக்கி உங்கள் சொலிசிட்டரிடம் கொடுத்து ஓவரேஜும் கட்டுப்பாடும் பாருங்கள். கவுன்சிலின் வரைபடத்தில் கிரீன் பெல்ட்டா, கட்டும் சிறு உரிமைகளையும் பறிக்கும் நாலாம் பிரிவு ஆணை ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பிளானிங் ஆலோசகரையும் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்டையும் அரை நாள் நிலத்தில் நடக்க வையுங்கள், வாசலில் நாடாவைப் பிடித்து அளக்கச் சொல்லுங்கள். அவர்கள் இருவரும் தலையசைத்தால், ஏலக்காரர் வழியாக விற்பவரிடம் ஆப்ஷன் ஒப்பந்தம் கேட்டுப் பாருங்கள். இன்று சிறு தொகை, அனுமதி கிடைத்தால் வயல் விலையைவிட நல்ல விலை, அதற்கு இரண்டு மூன்று ஆண்டு அவகாசம். விற்பவர் ஒத்துக்கொள்ளாவிட்டால், வயலாகவே வைத்திருந்தாலும் சம்மதம் என்ற விலைக்கு மேல் ஒரு பவுண்டும் ஏற்றாதீர்கள்.